கோடு இல்லாத வட்டம்

இனி எதை வரைந்து என்ன என்றுதான் இருக்கிறது.

கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தனியார் கண் சிகிச்சை நிலையம் ஒன்றில் நோயாளிகளுக்குத் திகதி குறித்துக் கொடுக்கும் புரோகிராம் எங்கள் தலையில் விழுந்திருந்தது. எழுதியவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போய்விட்டார்கள். எதைத் தொட்டால் எது உடையும் என்று மிஞ்சியிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால் அந்தப் புரோகிராமைப் படமாக வரைந்து காட்ட ஒரு கருவி செய்தேன். புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் ஒரு வட்டம். ஒன்று இன்னொன்றை வேலைக்குக் கூப்பிட்டால் நடுவில் ஒரு கோடு. பூனை இழுத்துப் போட்ட நூற்கண்டு மாதிரி இருந்தாலும், முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஓரத்தில் கோடே இல்லாத சில வட்டங்கள் கிடந்தன. யாரும் கூப்பிடாதவை எதற்கு, அழித்துவிடுங்கள் என்றார் முதலாளி. கொஞ்சம் பொறுக்கலாமே என்று இழுத்தேன். நீங்கள் வரைந்த படம்தானே சொல்கிறது என்று சிரித்தார். அழித்தோம்.

அதில் ஒன்று, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் யாருக்கும் திகதி விழாமல் தடுக்கும் துண்டு. புரோகிராமுக்குள் அதை யாரும் கூப்பிடுவதில்லை. மாதம் பிறந்ததும் சர்வர் கம்ப்யூட்டர் அதைத் தானாகவே ஓட்டும். என் படத்துக்கு அது எப்படித் தெரியும்? எழுதிய புண்ணியவான் அதற்கு 'டெம்ப் டூ', அதாவது 'தற்காலிகம் இரண்டு' என்று பெயர் வைத்துவிட்டு மெல்பர்ன் போய்விட்டார்.

ஒரு போயாவன்று காலையில், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருக்கும் சித்தி கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதையாவது காப்பாற்ற அதே சிகிச்சை நிலையத்தில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்தாராம். சிகிச்சை நிலையம் பூட்டிக் கிடந்ததாம். திகதி போட்டுக் கொடுத்த கார்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய திகதிதான். டொக்டர் கொழும்பிலிருந்து வருகிறவர். அடுத்த திகதிக்கு இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை அந்தக் கண் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

"நீங்க தேதியைச் சரியாத்தான் பாத்தீங்க சித்தி. நாங்க பாக்குற புரோகிராம்லதான் தப்பு."

சித்தி நம்பவில்லை. கார்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

"கம்ப்யூட்டர் போட்டது எப்புடிப்பா தப்பாகும்? எனக்குத்தான் கண்ணு தெரியல."