அவிழ்க்காத காப்பு

நான் ஓரிடத்தில் உட்கார்ந்து பழகாதவள். ஈரோட்டிலேயே அப்படித்தான், மொரீஷியசுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். தமிழாசிரியர் வேலை கிடைத்துக் கணவர் வந்தார், கூடவே நானும் வந்தேன். வீட்டுச் சுவர்களை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? படித்த வேதியியலைத் தூசி தட்டிக்கொண்டு, ரோஸ் பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தீவில் எங்கே திரும்பினாலும் ஒரு தையல் தொழிற்சாலை. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பஸ்கள் பறக்கும்.

பட்டறையில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. என் கண் என்னவோ பின்சுவரில் இருந்த குழாய்க்கே போகும். சாயத் தண்ணீர் அதன் வழியாக ஆவி பறக்க ஆற்றில் விழும். ஒரு பக்கம் எண்ணெயை எரித்துத் தண்ணீரைச் சுட வைக்கிறோம். மறுபக்கம் அந்தச் சூட்டை அப்படியே ஆற்றில் கொட்டுகிறோம். நடுவில் புகைபோக்கி கரும்புகையைக் கக்கிக்கொண்டிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி தீவிலேயே பிறந்த தமிழர். அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்ட வந்தவர்கள். தீவின் கிரியோல் மொழியில்தான் யோசிப்பார், என்னைக் கண்டால் மட்டும் கோயிலில் கற்ற தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். எல்லாரையும் போல அவரை மிசியே, ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். நானும் அவரை விடுவதில்லை.

"மிசியே, வெளிய போற சுடுதண்ணிக் குழாயை பாய்லர் தொட்டிக்குள்ள சுத்தி விட்டா, அந்தத் தண்ணி சும்மாவே சூடாயிடும். எண்ணெய் கம்மியா எரியும், புகையும் குறையும். அப்புறம் சாயத்தைத் தெளிய வைக்க ஒரு குளம் வெட்டுங்க."

"ஆப்ரே நூ கெத்தே, மாதாம்" என்பார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பூமி சூடாகிறது, கடல் ஏறும் என்று செய்தி வந்த பத்திரிகையை ஒருநாள் அவர் மேசையில் வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கடல் இங்க இல்லை, மாதாம். ரோஸ் பெல் வரைக்கும் வராது."

"கடல் வராது மிசியே, மழை வராமப் போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஏதோ கோபத்தில் சொன்னது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தைப்பூசக் காவடி எடுக்கிற எல்லாருக்கும் ஆண்டுதோறும் துணி கொடுப்பது அவருடைய வேண்டுதல். இங்கே காவடிக்குக் கட்டுவது அடர்ந்த ரோஸ் நிறம். அந்தத் துணி எங்கள் பட்டறையில்தான் சாயம் போடப்படும். அந்தச் சாயத் தண்ணீரும் பின்சுவர்க் குழாய் வழியாகத்தான் போகும். எங்கே? காவடி எடுப்பவர்கள் குளித்துவிட்டுப் பால்செம்போடு கிளம்புகிற அதே ஆற்றுக்கு, படித்துறைக்குச் சற்று மேலே. நான் வந்த முதல் வருடம் படித்துறையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "காவடி கலர்" என்று ஒரு பெண் என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் தலை முழுகினாள். அந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்!

அடுத்த வருடம் சனவரியில் மழை பெய்யவில்லை. கரும்புத் தோகை காய்ந்தது, ஆறு மெலிந்து பாறைகளுக்கு நடுவே வாய்க்காலாகிவிட்டது. கொடியேறி, எல்லாருக்கும் காப்புக் கட்டிய மறுநாள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறோடு முதலாளி வெறுங்காலில் பட்டறைக்கு வந்தார். விரத காலத்தில் அவர் செருப்புப் போட மாட்டார். அவரைக் கையோடு குழாயடிக்கு அழைத்துப் போனேன். அடித்துக்கொண்டு போக ஆற்றில் தண்ணீர் இல்லாததால் சாயம் அங்கேயே தேங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இதுலதான் நீங்க குளிக்கப் போறீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. குழாயை அடைக்கச் சொன்னார். வளாகத்திலேயே பழைய கரும்பாலையின் கல் தொட்டி ஒன்று, சிறு குளம் அளவுக்குக் கிடந்தது. விரதம் முடியும்வரை சாயத் தண்ணீரெல்லாம் அதற்குள். சேதி கோயிலுக்கு எட்டியது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த குருக்கள் ஒலிபெருக்கியில் முதலாளியைப் பாராட்டினார். ஊரே வாழ்த்தியது.

எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே தொட்டியடிக்கு ஓடுவேன், எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன். மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. விரதம் முடிந்ததும் இதெல்லாம் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான், மொத்தமாக ஒரே நாளில். அதைவிடத் தினமும் விட்டிருந்தாலே தேவலாம். "உனக்கு எதிலும் நிம்மதி கிடையாதா?" என்றார் கணவர். கிடையாது என்றேன்.

காவடியன்று ஆறு தெளிந்திருந்தது. முதலாளி முழுகி எழுந்து, கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு, பூக்காவடி சுமந்து போனார். மறுநாள் காலை பட்டறைக்கு வந்து, வேல் குத்திய கன்னத்தைத் தடவிக்கொண்டே, "உவேர், மாதாம். திறங்க" என்றார்.

தொட்டியின் வால்வு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் போகட்டும் என்று அந்த நொடியில் நிஜமாகவே நினைத்தேன்.

"கையில காப்பு இருக்கே மிசியே?"

"சாயந்திரம் கோயில்ல அவுப்பாங்க."

"அப்ப சாயந்திரம் வரைக்கும் விரதம்தானே? விரதம் முடியற வரைக்கும் ஆத்துல விட மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். கலங்கிய கருஞ்சிவப்பு. "இது என் துணி ரோஸா?" என்று கேட்டார்.

"அதுவும்தான். நேத்து எல்லாரும் கட்டியிருந்தாங்களே, அந்தத் துணியோடது."

வால்வைத் திறக்கச் சொல்லாமலே திரும்பி நடந்தார்.

மாலை கொடி இறங்கியது. எல்லாரும் வரிசையில் நின்று குருக்களிடம் கையை நீட்டிக் காப்பை அவிழ்த்துக்கொண்டார்கள். முதலாளி முறை வந்தபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் லிசின் சுத்தம் ஆகட்டும், சாமி. அப்ப அவுக்கிறேன்." லிசின் என்றால் தொழிற்சாலை.

"அப்படியொரு வழக்கமே இல்லையே!" என்று குருக்கள் திகைத்தார்.

சுத்த நாடகம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு நாளில் அவிழ்த்துவிடுவார் பாருங்கள் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் போனால் சாயப்பட்டறையை மூடியிருந்தார். ஏற்கெனவே சாயம் போட்ட துணியை வைத்துத் தையல் மட்டும் ஓடியது. பின்னால் குளம் வெட்ட ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

நான் கேட்டதுதான் நடந்தது. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தையல் கூடத்தில் துணி குறையக் குறையப் பெண்கள் என்னை முறைத்தார்கள். சரக்கு எங்கே என்று வெளிநாட்டிலிருந்து போன் மேல் போன். தொழிற்சாலை மூடிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, வெளியே சொல்லவில்லை. குழாய் பற்றவைப்பவர்களின் தலைக்கு மேலேயே நின்று அவர்கள் உயிரை வாங்கினேன். முதலாளி இன்னும் வெறுங்கால், இன்னும் மரக்கறிச் சோறு. தொழிலதிபர்கள் கூட்டத்துக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு வெறுங்காலில்தான் போனாராம். ஆற்றின் மேல்பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர், "வேலையை விட்டுட்டுச் சாமியாராகிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தாராம். அதை என்னிடம் சொன்னபோது முதலாளி சிரிக்கவில்லை.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. வெளியேறுகிற சுடுதண்ணீர் முதலில் பாய்லர் தொட்டிக்குள் சுற்றித் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு குளத்தில் தேங்கித் தெளிந்தது. கல் தொட்டியில் கிடந்ததையும் அதே குளத்துக்குத் திருப்பினோம். புகைபோக்கியின் கரும்புகை கண்ணுக்குத் தெரியவே மெலிந்தது. நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காப்பை ஆற்றங்கரையிலேயே அவிழ்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். குருக்களும் நானும் போனோம். மஞ்சள் வெளுத்துக் கறுத்துப் போயிருந்த கயிற்றைக் குருக்கள் அவிழ்த்துக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் விட முதலாளி படியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

தண்ணீர் நீலமாக வந்துகொண்டிருந்தது.

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம்மது இல்லை" என்றேன். எங்கள் குழாய்வாய் காய்ந்து கிடந்தது. நீலம் மேலிருந்து வந்தது. இத்தனை வருடமும் வந்திருக்கும். எங்கள் சாயம் அதற்கு மேல் விழுந்ததில் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. காவடியன்று அவர்கள் பட்டறைக்கு விடுமுறையாக இருந்திருக்கும், அதனால்தான் ஆறு தெளிந்திருந்தது. மேலே இருப்பது யாருடைய தொழிற்சாலை என்று எங்கள் இருவருக்கும் தெரியும், கூட்டத்தில் அவரைச் சாமியார் என்று சிரித்தவருடையது.

கயிற்றைத் தண்ணீரில் விடாமல் நிமிர்ந்தார். பிறகு அதைக் குருக்களிடம் கொடுத்துக் கையை நீட்டினார்.

"கட்டுங்க, சாமி."

இந்த முறை குருக்கள் வழக்கம் எதுவும் பேசவில்லை. இற்றுப்போன கயிறு அறுந்துவிடாமல் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டார். முதலாளி படியேறிக் கரையோரமாகவே ஆற்றின் மேல்பக்கம் நடக்கத் தொடங்கினார். என்னாலும் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.