குரலைத் திறந்ததற்கு ஒரு கையெழுத்து

பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை ஒட்டிய வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி இருக்கிறார்கள். கணவர் ஜான்-டலோன் சந்தையில் வெகுகாலம் தக்காளி விற்றவர். பிரெஞ்சில் கூவிக் கூவியே ஆட்களை நிறுத்திவிடுவார். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் கைபேசியில் ஒரு செயலியை வாங்கினார். அறுவைக்கு முன் பேசிப் பதிந்துவைத்தால், பிறகு திரையைத் தொட்டால் அது நம் குரலிலேயே பேசும். "தேத்தண்ணி தாறியே", "நான் வெளிக்கிடுறன்", பேத்தியின் செல்லப்பெயர் என்று மூன்று வாரம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் பதிந்தார்.

அறுவைக்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் குரலோடு சமாளித்தார். பிறகு அந்தச் செயலியை வேறொரு நிறுவனம் வாங்கியது. ஒரு காலையில் பழையது திறக்கவில்லை. புதியதில் தமிழே கிடையாது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவள் என்று தெரிந்து, அவர் மனைவி கைபேசியோடு வந்து கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, இவரின்ரை குரல் இதுக்குள்ளைதான் கிடக்காம். ஆனால் எடுக்கேலாதாம். கொம்பனிக்கு எழுதினம். அது தங்கடை பூட்டுக்குள்ளை இருக்காம், திறந்து தர மாட்டினமாம்."

"அவர் பேசினது அவருக்கே சொந்தம் இல்லைங்களா அக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டனான்."

கணவர் பின்னால் நின்றுகொண்டு நோட்டில் எழுதிக் காட்டினார்: "கரைச்சல் எண்டால் விடுங்கோ, பிள்ளை."

செயலியைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று அதன் நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் பிரித்தேன். மூன்று சனிக்கிழமைகள் போயின. பூட்டின் சாவியை அந்தச் செயலிக்குள்ளேயே விட்டுவைத்திருந்தார்கள். பதிவுகளை வெளியே எடுத்து, அதே வேலையைச் செய்யும் சின்னச் செயலி ஒன்றை எழுதி, ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் அடுப்படியில் வைத்துக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் தேடி ஒன்றைத் தொட்டார்.

"உனக்கென்ன விசரே?" என்று திட்டியது அவர் குரல்.

"இதைக் கேக்கவோ இவ்வளவு பாடுபட்டனான்" என்று அக்கா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். இதே நிலையில் வேறு ஆட்களும் இருப்பார்களே என்று, செய்த முறையை என் பெயரிலேயே இணையத்தில் போட்டேன். சில வாரங்களில் அந்தச் செயலி நிறுவனத்தின் வக்கீல் கடிதம் வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று புவாண்ட்-கிளேரில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு.

தெரிந்த தமிழ் வக்கீல் ஒருவரைக் கேட்டேன். "ஒரு மென்பொருளோட இன்னொண்ணு சேர்ந்து வேலை செய்யணும்னு பூட்டைத் திறக்க இந்த நாட்டுச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஊருக்கே வழி சொல்லிக் கொடுத்தது அதுல அடங்குமான்னு கோர்ட்தான் சொல்லணும். அதுவரைக்கும் போராடத் தயாரா?" என்றார்.

நான் தயாராக இல்லை. என் வேலை அனுமதி அந்த நிறுவனத்தின் பேரில் இருந்தது. காரணம் அதுதான். சாக்கும் அதுதான்.

மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த வருடம் அதே மனிதர் சொல்லித்தான், போட்டி நிறுவனத்தின் செய்தி அனுப்பும் மென்பொருளை ஐந்து மாதம் பிரித்துப் பார்த்திருந்தேன். நாங்கள் அதை 'ஆய்வு' என்போம். அதை அவருக்கு நினைவூட்டினேன்.

"அது நம் வக்கீல்கள் அனுமதித்த வேலை. இது நீங்களாகச் செய்தது" என்றார் ஆங்கிலத்தில், மிகக் கனிவாக.

பக்கத்தை எடுத்துவிடுவேன், நிரலை அழிப்பேன், இனி இதில் யாருக்கும் உதவ மாட்டேன் என்று அந்தச் செயலி நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னபோது அக்கா கேட்டார்:

"அப்ப, நீங்கள் செய்தது களவோ தங்கச்சி?"

"இல்லக்கா."

"பேந்து ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவர் கணவரின் கைபேசியில் நான் போட்டிருந்ததை மட்டும் அழிக்காமல் விட்டேன். சில மாதங்களில் கைபேசி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் அது நின்றுபோனது. திருத்த அரை நாள் போதும். நான் திருத்தவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒலிக்கோப்புகள் மட்டும் இருக்கின்றன. ஒரு சொல்லுக்காகப் பட்டியல் முழுவதையும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அவர் நோட்டுக்கே திரும்பிவிட்டார்.

பக்கத்தை எடுக்கும் முன் அதைப் பார்த்த ஒருவர் ஹாலிஃபாக்ஸிலிருந்து எழுதியிருந்தார். மனைவி இறந்துவிட்டார், குரல் அந்தச் செயலிக்குள் இருக்கிறது, எடுத்துத் தர முடியுமா என்று. பிறகு இன்னொரு முறையும் எழுதினார். இந்த வருடம் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது; இங்கே இருக்க என் நிறுவனத்தின் தயவு இனித் தேவையில்லை. அந்தக் கையெழுத்து இன்னும் என்னைக் கட்டுமா என்று வக்கீலிடம் கேட்கலாம். கேட்கவில்லை. ஹாலிஃபாக்ஸ்காரருக்கும் இன்றுவரை பதில் எழுதவில்லை.