புக்கையில் பொறுக்கிய கஜு

அன்பானவர்களே, கடவுள் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் என் பிழையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பலெர்மோவில், பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில், எண்பது வயது தாண்டிய ஓர் இத்தாலிய அம்மாவை, எங்கள் சிஞ்ஞோராவை, பல வருடமாகப் பராமரிக்கிறேன். அவருக்குக் கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, ஆகாது. கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைத்துவிடும். அப்போது தொடையில் போடுவதற்கு மருந்து நிரப்பிய இரண்டு ஊசிகள் வீட்டில் இருக்கின்றன. எப்படிப் போடுவது என்று தாதி ஒருவர் எனக்குக் காட்டித் தந்திருந்தார். ஃபிரிட்ஜ் கதவில் கஜு ஆகாது என்று இத்தாலியனில் எழுதிய தாளும் ஒட்டியிருந்தது.

போன வருடம் அந்தோனியார் திருநாளுக்கு நான்தான் பச்சரிசி, சர்க்கரை, கஜு எல்லாம் போட்டுப் புக்கை பொங்கினேன். சுவாமியார் அதை மந்திரித்து ஆசீர்வதித்தார். அடுத்த நாள் என் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் எடுத்துப் போனேன். மணம் பிடித்த சிஞ்ஞோரா என்னை விடவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா! கஜுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். மந்திரித்த சாப்பாடு என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். இரண்டு கரண்டி கொடுத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு அரிக்கிறது என்றார். கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. குரல் கரகரத்தது. இருமல் வந்தது, பிறகு மூச்சு இழுத்தது. எழும்பிக் குளியலறைக்குப் போகப் பார்த்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன வந்தாலும் முதலில் ஜெபக்குழுவுக்குப் போன் எடுப்பதுதானே நம் பழக்கம்? குழுவை நடத்தும் ஜெசிந்தா அக்காவை அழைத்தேன்.

"அக்கா, சிஞ்ஞோராவுக்குக் கஜு பட்டிட்டுது, மூச்சு இழுக்குது. மன்றாடுங்கோ! என்ன செய்யிறதெண்டு ஆண்டவரைக் கேளுங்கோ!"

"ஊசி இருக்கோ?"

"ஓம், அக்கா."

"அப்ப போனை வையும், பிள்ளை. நான் இஞ்சை மன்றாடுறன். நீர் அங்கை ஊசியைப் போடும். போட்ட உடனே ஆம்புலன்சுக்கு அடியும்."

ஆண்டவரிடம் நான் கேட்ட பதில் அதுதான். போனை வைத்தேன். சிஞ்ஞோராவை எழும்ப விடவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து, கால்களை நீட்டி இருத்தினேன். உடுப்புக்கு மேலாகவே, தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசியை அழுத்திப் பிடித்தேன். உடனே 112ஐ அழைத்தேன். சரியாகாவிட்டால் போடுவதற்கு இரண்டாவது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். அது தேவைப்படவில்லை. மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. நான் அழுதேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை, கிண்ணத்தையும் காட்டினேன். மூச்சடைப்பு திரும்பவும் வரக்கூடும் என்று மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

சிஞ்ஞோராவின் மகளிடம் உண்மையைச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ, "ஃபிரிட்ஜில் இருக்கும் அந்தத் தாளை உன் மொழியிலும் எழுதி ஒட்டு" என்றார்.

எழுதி ஒட்டினேன்: 'கஜுவைப் பொறுக்கி எடுத்தாலும் ஆகாது. மந்திரித்தாலும் ஆகாது.'

சிஞ்ஞோரா இன்றும் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு நலமாக இருக்கிறார். ஆண்டவருக்குக் கோடி நன்றி. முன்பெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன், பதிலுக்குக் காது கொடுக்க மாட்டேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். அவர் பதில் தருவார். தந்ததும் போனை வைத்துவிட்டு, அவர் சொன்னதைச் செய்யுங்கள்.