கொக்கு சாரின் வகுப்பு

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கென்றே நடக்கும் அந்தப் பள்ளியில், இயற்பியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொக்கு சார். ஆள் ஒல்லி, கழுத்து நீளம் என்பது பாதிக் காரணம்தான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கையில் சாக்பீஸோடு ஆடாமல் அசையாமல் நிற்பார். யாராவது வாயைத் திறக்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

"மேலே எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் நிக்குதே, அப்ப அது மேல விசை இருக்கா, இல்லையா?"

மின்விசிறி மட்டும் கடகடவென்று ஏதோ சொல்லும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், மீனுக்கு இன்னைக்கு லீவு" என்பான். வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். நகரமாட்டார்.

படிக்கிற காலத்தில் அவர் மந்தமில்லை, நிதானமாக யோசிக்கிறவர். ஆனால் பதிலை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் கேள்வி பக்கத்துப் பையனிடம் போய்விடும். "இவன் மண்டையில களிமண்தான்" என்று வகுப்பின் முன்னால் ஒரு வாத்தியார் தீர்ப்பே எழுதிவிட்டார். தொண்டைவரை வந்து திரும்பிப்போன அந்தப் பதில்கள்தான் அவரை வாத்தியாராக்கின. தன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி நேரக்கூடாது. பதவி உயர்வெல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்புறமும் அது வந்தபாடில்லை.

அடுத்த அறையில் ராக்கெட் சார். "கேள்வியைப் படிச்சுக்கிட்டு உக்காராதே, ஆப்ஷனைப் பாரு. பொருந்தாததை அடி. மிச்சம் நிக்கறதுதான் விடை." அவர் வகுப்பு பாடம் முழுவதையும் முடித்து இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு சாரின் வகுப்பு இன்னும் பாதிப் பாடத்தில்தான் நின்றது. கொக்கு சாரின் சொந்த மகளும் அவர் வகுப்பில்தான். பள்ளிக்குள் அவளுக்கும் அவர் 'சார்'தான்.

தலைமை ஆசிரியர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். "பரீட்சை கழுத்துக்கு வந்தாச்சு சார். உங்க வகுப்பை ராக்கெட்கிட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"பிள்ளைங்களைக் கேளுங்க சார். அவங்க வேணாம்னு சொன்னா நானே விலகிக்கறேன்."

விஷயத்தைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைக்கு நடுங்கிட்டு இருக்கற பிள்ளைங்ககிட்ட போயா நியாயம் கேப்பீங்க?"

"கேட்டாத்தானே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்சதைத் தெரிஞ்சுக்க இப்படி ஒரு ஆசையா உங்களுக்கு?"

மறுநாள் தலைமை ஆசிரியர் வகுப்புக்கே வந்தார். "சார் தொடரணும்னு நினைக்கறவங்க எழுந்திரிங்க."

ஒரு பெஞ்சும் கிறீச்சிடவில்லை. தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யோசிக்கட்டும் சார்" என்றார் கொக்கு சார்.

அவர்கள் யோசிக்கத்தான் செய்தார்கள். நெற்றிகள் சுருங்குவதை அவர் பார்த்தார். விளையாட்டுக்கு உட்கார்ந்திருந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவர் பழக்கியபடியே, ஒவ்வொருவரும் கேள்வியை நேர்மையாக எடைபோட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரன்கூட நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

அப்போது மகள் எழுந்தாள். அவருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

"ராக்கெட் சாரே வரட்டும்ப்பா."

பள்ளிக்கூடத்தில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"நீங்க நடத்தினா புரியுது. ஆனா புரிஞ்சுக்க எங்களுக்கு நேரம் இல்லப்பா. சீட்டு வேணும்."

"அப்ப சரி" என்று தலைமை ஆசிரியர் கிளம்பினார்.

கொக்கு சாரைத் தேர்வுக்கூட மேற்பார்வைக்கு மாற்றினார்கள். ராக்கெட் சார் ஆசிரியர் அறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. நானும் ஒரு காலத்துல 'ஏன், ஏன்'னு கேட்டுக்கிட்டு நின்ன ஆளுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிறுத்தினேன். பசங்களுக்கு சீட்டு கிடைக்க ஆரம்பிச்சுது."

வெற்றிபெற்றவன் பேசுகிற குரலாக அது இல்லை. கொக்கு சாருக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

சில வாரங்கள் மகள் வீட்டில் அவரிடம் பாடப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மாதிரி வினாத்தாளோடு வந்து கதவோரம் நின்றாள். கண்களைச் சுற்றிக் கருவளையம்.

"லிஃப்ட் கணக்குப்பா. வரவே மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தார். எங்கே சறுக்கியிருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு படம், ஒரே ஒரு கேள்வி போதும், மிச்சத்தை அவளே நடந்து கடந்துவிடுவாள். பென்சிலை எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"முதல் ரெண்டையும் அடிச்சிடு. கடைசியில அலகே தப்பு. மூணாவதுதான்."

"ஏன்ப்பா?"

"எழுதும்மா. அடுத்த கணக்குக்குப் போ."

அவள் சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு மூன்றாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.