கற்பூரத் தட்டும் ஒரு சொட்டுப் பெட்ரோலும்

போன வருடம் ஆயுத பூஜை சமயம். மந்தைவெளியில் நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் ஃபிளாட்டில் நடந்தது இது. மொத்தமே எட்டு வீடுகள்தான். யாருடைய பேரையும் சொல்லப் போவதில்லை. ஏன் என்று படித்து முடித்தால் உங்களுக்கே புரியும்.

எனக்கு வேலை ஓர் அலுவலகத்தில், ஃபைல்களோடு. ஆனால் என் மரியாதை எல்லாம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில்தான். யார் ஸ்கூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் அடிப்பது என் வீட்டு காலிங் பெல். பிளக்கைத் துடைப்பேன், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வேன், சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்வேன். "சார் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

அதற்கு வேட்டு வைக்க வந்தார் முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி. சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, நாற்பது வயது இருக்கும்.

என் கார் அப்போது இரண்டு வாரமாகத் தகராறு. லஸ் சிக்னலில் நின்றால் உதறும், கிளம்பும்போது திக்கும். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று தெரிந்தது. எது, ஏன் என்றுதான் தெரியவில்லை. நாலு பிளக்கையும் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினேன். உதறல் நிற்கவில்லை. நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பெண்மணி வந்து, "நான் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?" என்று கேட்டார். என் மனைவி பக்கத்தில் நின்றதால் மறுக்க முடியவில்லை.

ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் செருகிவிட்டுப் போனைப் பார்த்தார். "மூணாவது சிலிண்டர் சார்." அதன் பிளக்குக்கு மேலே இருந்து மின்சாரம் கொடுக்கும் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்தார். இப்போது போன் இரண்டாவது சிலிண்டர் என்றது. "காயில் போற இடத்துக்குக் கோளாறும் கூடவே போகுது பாருங்க. பிளக், பெட்ரோல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் காயில்தான் போயிடுச்சு."

வாட்ச்மேன் சும்மா இருக்கக் கூடாதா? "இன்னா சார், ரெண்டு வாரமா நீ நோண்டிகினு இருந்தே, மேடம் பத்து நிமிசத்துல சொல்ட்டாங்களே!"

புதுக் காயில் போட்டதும் கார் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பொறாமைதான். அதன் பிறகு ஸ்கூட்டர்கள் எல்லாம் அவர் வீட்டு பெல்லை அடித்தன. நான் படியில் இறங்கும்போதெல்லாம் அவர் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே யாராவது ஹெல்மெட்டோடு நின்றிருந்தால் எனக்கு அன்றைய காபி கசக்கும். அந்தக் கருவியின் விலையை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கவில்லை. வாங்கினால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் காரிலேயே கோளாறு. அடையாறு பாலம் ஏறும்போது இழுவை இல்லையாம். பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, புது ஃபில்டர் வாங்கிவந்து தானே மாற்றினார். நான் பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

சாயங்காலம் பூஜையில் வைக்க என் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர்களை எடுக்கக் கீழே போனேன். அவர் காரைத் தாண்டும்போது மெல்லிய வாடை. குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தால் முன்பக்கம் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஈரம். தொட்டு மோந்தேன். பெட்ரோல். புது ஃபில்டரோடு ஹோஸைச் சேர்த்துக் கவ்வுகிற கிளாம்ப் சரியாக இறுகவில்லை என்று பார்க்காமலேயே தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகினால் தீர்ந்தது. அந்த ஸ்க்ரூ டிரைவர் என் கையிலேயே இருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் முதல் மாடி ஏறினேன், சத்தியமாக. கதவு திறந்திருந்தது. உள்ளே கொலு, ஏழெட்டுப் பெண்கள், கையில் சுண்டல். என் மனைவியும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "வாங்க சார்! உங்க காரையே மேடம்தான் சரி பண்ணாங்களாமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

"எங்க வீட்டுச் சாவி இவகிட்ட இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றேன். சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது. நாளைக்கு வண்டியை எடுக்கும்போது நாறட்டும், நாலு பேர் முன்னால் மானம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன். என் வீட்டு மேஜையில் மறுநாள் பூஜைக்கான தட்டு தயாராக இருந்தது. அதில் கற்பூரம் இருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் என் புத்திக்கு எதுவும் உறைக்கவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் ஆயுத பூஜை என்றால் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே பூஜை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்துவோம். ஒரே தட்டு, ஒரே கற்பூரம். வருடா வருடம் காட்டுவது என் மனைவி. அன்று காலை நான் வீம்புக்கு மேலேயே இருந்து ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே மணிச் சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

வரிசையில் முதல் வண்டி அவருடையது. கழுவின தண்ணீர் அடியில் தேங்கி நின்றது. பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் பெட்ரோல் இன்னும் வேகமாகக் கசியும், அந்தத் தண்ணீரின் மேலேயே மிதக்கும். ஊதுவத்தி மணத்தில் யாருக்கும் வாடை தெரியாது. பானெட்டுக்கு நேர் எதிரே என் மனைவி தீக்குச்சியை உரசினாள். கடல் காற்றில் அது அணைந்தது. காற்றை மறைக்க வண்டியோடு ஒட்டிக் குனிந்து, அடுத்த குச்சியை எடுத்தாள்.

"கொளுத்தாதே!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு மாடி எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. அவள் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். அது பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் விழுந்தது. "பெட்ரோல் ஒழுகுது! எஞ்சினை நிறுத்துங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!"

அந்தப் பெண்மணி ஓடிப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார். ஹோஸ் முழுக்க நனைந்திருந்தது. அடியில் தேங்கிய தண்ணீரில் நிறம் நிறமாகப் படலம். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் தப்புதான். பழைய கிளாம்பையே போட்டேன், இறுக்கிப் பாக்காம விட்டுட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, கண் கலங்க, "ரெண்டாவது மாடியிலேர்ந்து எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. "வாடை வந்துச்சு" என்றேன்.

"இன்னா மூக்கு சார் உனுக்கு!" என்று வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி மட்டும் தட்டவில்லை. மத்தியானம் சாப்பாடு போடும்போது கேட்டாள்: "நேத்து சாவி உங்க பாக்கெட்லதானே இருந்துச்சு? எதுக்கு அவங்க வாசல் வரைக்கும் வந்தீங்க?" நான் அப்பளத்தை நொறுக்கினேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

இப்போது அந்தப் பெண்மணி பானெட்டைத் திறந்து எந்த வேலை செய்தாலும் கடைசியில் என் வீட்டு பெல்லை அடிக்கிறார். "சார், நீங்க ஒரு தடவை மோந்து பாத்துட்டா எனக்கு நிம்மதி." நானும் போய்க் குனிந்து மோந்து பார்த்துச் சொல்கிறேன். புதிதாகக் குடிவருகிறவர்களிடம், "இவர் இல்லேன்னா அன்னிக்கு எங்க கதி என்ன ஆயிருக்கும்" என்று அவர் என்னைக் காட்டிச் சொல்கிறபோதெல்லாம், நான் ஆசைப்பட்ட பேர் அப்படியே எனக்குக் கிடைக்கிறது. அதைக் காதில் வாங்க முடியாமல் ஏதோ வேலை இருப்பது போல நான் மாடி ஏறிவிடுகிறேன்.