உரும்பிராயில் எண்ணெய்க் கிணறு

நிலத்திலை ஓட்டை போட்டுப் பிழைக்கிறது என்ரை தொழில். ஓட்டைக்குள்ளாலை என்ன வரும் எண்டு துளைக்கிறவனைத் தவிர ஊரிலை மற்ற எல்லாரும் சொல்லுவினம்.

நான் குழாய்க் கிணறு துளைக்கிறனான். இளம் வயசிலை, மன்னாரிலை வெளிநாட்டுக்காரர் எண்ணெய் தேடித் துளைச்ச நேரம், எட்டு மாசம் அங்கை நிண்டனான். என்ன பெரிய வேலையோ எண்டு நினைக்காதையுங்கோ. உள்ளை இருந்து வாற கல்லுத் தூளைக் கழுவிச் சின்னத் துணிப்பையிலை போட்டுக் கட்டுறது. அந்த வெளிநாட்டுக்காரர் ஒண்டும் சரிவராது எண்டு மூடிப்போட்டுப் போட்டினம், நான் ஊருக்கு வந்திட்டன். தொண்ணூறிலை சண்டை மூண்டு, அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குத் தடை போட்டுப் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் நிண்டுது பாருங்கோ, அண்டையிலிருந்து கல்லுக் கழுவினவன் எண்ணெய் நிபுணன். செத்த வீட்டிலை பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்தும் கேட்டினம்: "எங்கடை நாட்டிலை எண்ணெய் இருக்கோ அண்ணை?"

எனக்கு இருந்த கவலை வேறை. ஓட்டை போட டீசல் வேணும். டீசல் இல்லாமல் என்ரை துளைக்கிற மிசின் பின்வளவிலை கருங்கல்லு மாதிரிக் கிடந்துது. பழைய இரும்பு வாங்கிறவன் ஒருத்தன் கிழமைக்கு ஒருக்கால் படலை வாசலிலை வந்து நிண்டு அதையே பாப்பான். குடுத்தால் என்ரை தொழில் அதோடை சரி. போத்திலைக் கவிட்டுக் கடைசித் துளிக்குக் காவல் இருந்த உங்களுக்கு இதைக் கூடச் சொல்லத் தேவையில்லை.

மிசினுக்கு வந்த பக்தி

ஆரோ ஒரு புண்ணியவான் சொன்னான், இலுப்பெண்ணெயிலை எஞ்சின் ஓடும் எண்டு. ஓடினதுதான். பத்து நிமிஷம் என்ன அருமையாய் ஓடிச்சுது! புகை ஒழுங்கை முழுக்கப் பரவி, கோயில் மூலஸ்தானத்துக்குள்ளை நிக்கிற மாதிரி ஒரு மணம். முன்வீட்டுப் பெண்டுகள் இரண்டு பேர் பூத்தட்டோடை வந்து எங்கை பூசை எண்டு கேட்டினம். நான் பதில் சொல்ல முந்தி எஞ்சின் இறுகிப் போச்சு.

கோப்பாயிலை இருந்து மெக்கானிக் வந்து மூண்டு நாள் குந்தியிருந்து கழட்டிக் கழுவினான். டீசல் இல்லாட்டி மண்ணெண்ணெய் எண்டாலும் கிடைச்சால்தான் இனித் தொடவேணும் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டுச் சொன்னான்: "அண்ணை, மிசினுக்குப் பக்தி வந்திட்டுது. பக்தி வந்தால் வேலை நடக்காது."

ஈர்க்குச் சோதனை

கிணத்துத் தண்ணியிலை வானவில் மாதிரிப் படலம் தெரியுது எண்டு சோடாப் போத்திலோடை வாற ஆக்களுக்குக் கணக்கில்லை. அதுக்கு என்னட்டை ஒரு சோதனை இருந்துது. ஒரு தென்னோலை ஈர்க்காலை படலத்தைக் கீறவேணும். அப்பளம் மாதிரி உடைஞ்சு துண்டு துண்டாய் நிண்டால் அது இரும்புக் கறள், வெறும் துரு. கீறின இடம் திரும்ப ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெய். வந்த போத்தில் எல்லாம் அப்பளம்தான்.

நீர்வேலியிலை இருந்து ஒரு பென்சன் எடுத்த தபாலதிபர் வந்தார். போத்திலுக்கு அரக்குச் சீல் வேறை. கீறினன், உடைஞ்சுது. வாளிக் கறள் ஐயா எண்டன். மனுசன் போத்திலைத் திரும்ப மூடி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பாத்தார். "தம்பி, நீர் மன்னாரிலை கழுவத்தான் பழகியிருக்கிறீர், பாக்கப் பழகேல்லை."

தார் உருண்டை

குருநகரிலை இருந்து அந்தோனிப்பிள்ளை எண்டொரு கடற்தொழிலாளி ஒரு பனையோலை உமல் நிறையக் கறுப்பு உருண்டையளோடை வந்தான். கரையிலை ஒதுங்கினதாம். கடலுக்கடியிலை ஊத்து இருக்கு, இடத்தை நீங்கள் காட்டினால் காணும் எண்டான். எனக்கு அவனைப் பாக்கப் பாவமாய் இருந்துது. இது கப்பல்காரர் எண்ணெய்த் தாங்கி கழுவி ஊத்தின கழிவு, அலையிலை உருண்டு வந்தது எண்டு மெல்லமாய்ச் சொன்னன்.

அவன் முகம் வாடும் எண்டு பாத்தால், இல்லை. அரைவாசியை ஏற்கெனவே உருக்கி வள்ளத்து ஓட்டையளுக்குப் பூசிப்போட்டானாம், பொட்டுத் தண்ணி உள்ளை வரேல்லையாம். உமலைத் தோளிலை போட்டுக்கொண்டு சொன்னான்: "ஊத்து இல்லாட்டிப் பரவாயில்லை அண்ணை. கப்பல்காரர் இன்னும் கொஞ்சம் ஊத்தையாய் இருக்கவேணும் எண்டு மாதாவிட்டை நேர்ந்துவிடுறன்."

சேத்துக்குப் பச்சைக் கொடி

ரெயில் நிண்ட பிறகு சாவகச்சேரிப் பக்கத்திலை ஒரு ஸ்ரேசன் மாஸ்ரருக்கு வேலையில்லை. கடல்நீரேரிச் சேத்திலை குமிழி வாறதைக் கண்டிட்டு, இயற்கை வாயு எண்டு எனக்கு ஆள் அனுப்பினார். போனால், மனுசன் முழங்கால் சேத்துக்குள்ளை நிண்டு, புனலைக் கவிட்டுப் பிடிச்சு, சைக்கிள் ரியூப்பாலை வாயுவைப் பிடிக்கிறார். விடிய ஏழு மணிக்குத் தொடங்கினது மத்தியானம் வரை. வாயு உண்மையிலை வாயுதான், பொய் சொல்லக்கூடாது. நெருப்புக்குச்சி காட்டினார். "பக்" எண்டு ஒரு நீலச் சுவாலை. அதோடை எல்லாம் முடிஞ்சுது, மாஸ்ரரின்ரை இடது புருவமும்தான்.

ஒரு முட்டை அவிக்கவும் காணாது எண்டு நான் சொல்ல, கரையிலை சட்டியோடை காவல் நிண்ட மாஸ்ரரின்ரை மனுசி வாய் திறந்தா. "ஒரு நாளும் ரெயிலை நேரத்துக்கு விடாத மனுசன், இப்ப சேத்துக்குப் பச்சைக் கொடி காட்டிக்கொண்டு நிக்குது."

நானும் நம்பின கதை

இனி என்ரை வெக்கக்கேட்டைச் சொல்லுறன். உரும்பிராய்த் தோட்டக்காரன் கந்தையா ஒரு நாள் காலமை சைக்கிளிலை பறந்து வந்தான். போத்திலுக்குள்ளை ஈர்க்கை விட்டுக் கீறினன். படலம் பிரிஞ்சுது, பிறகு ஒட்டிச்சுது! மணந்து பாத்தன், மண்ணெண்ணெய். மேலாலை திரி நனைச்சுப் பத்த வைச்சன், எரிஞ்சுது. நிலத்துக்குள்ளை இருந்து வாற எண்ணெய் தார் மாதிரிக் கறுப்பாய்த்தான் வரும், சங்கக்கடையிலை விக்கிற மண்ணெண்ணெயாய் வராது எண்டு மன்னாரிலை வெளிநாட்டுக்காரரிட்டைக் கேட்டுப் படிச்சவன் நான். யாழ்ப்பாணத்திலை ஆர் நம்பினாலும் நான் நம்பக்கூடாது. நம்பினன்! பின்வளவிலை மிசின் கிடக்கேக்கை ஆசை ஆரை விட்டுது?

கந்தையாவுக்கும் அவன்ரை பங்காளி சின்னத்துரைக்கும் அது பங்குக் கிணறு. இரண்டு வீட்டுக்கும் நடுவிலை வேலி, வேலியாலை வந்த வழக்கு, மூண்டு வருஷமாய் முகம் பாக்கிறதில்லை. வேலியடியிலைதான் மணம் கூட. கையாலை சுத்துற துளைக்கம்பியை நான் நாட்டினன். உடனை சின்னத்துரை வேலியைப் பிரிச்சுக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணை, அந்த இடத்திலை துளைக்காதையுங்கோ! நாகதம்பிரான் இருக்கிறார், கண்டனான்!" கந்தையாவின்ரை மனுசி பாக்கியம் பயந்துபோய், ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டுத் துளைப்பம் எண்டு நெருப்புப் பெட்டியை எடுத்தா. சின்னத்துரை பாய்ஞ்சு பறிச்சான். "ஐயோ, இந்த நாகதம்பிரானுக்குக் கற்பூரம் ஆகாது!"

நாலடியிலை "டங்" எண்டுது. "மூடு பாறை!" எண்டு கத்தினன் நான். எண்ணெய்க்கு மேலை இப்பிடித்தான் பாறை மூடியிருக்கும் எண்டு விளக்கம் வேறை. சின்னத்துரை தலையிலை கை வைச்சு நிலத்திலை குந்திட்டான். "பாறை இல்லை அண்ணை, என்ரை மண்ணெண்ணெய்ப் பரல்." தடை வந்த கிழமை, கந்தையா குடும்பம் சந்நிதி கோயிலுக்குப் போன நேரம் பாத்து, கந்தையாவின்ரை காணிக்குள்ளை குழி வெட்டித் தாட்டிருக்கிறான். பதுக்கினது பிடிபட்டால் கந்தையாவைத்தானே கொண்டுபோவினம்! இரும்புப் பரல் கறள் பிடிச்சு ஓட்டையாகி, எண்ணெய் அரைவாசி கிணத்துக்குள்ளை. மிச்சம் ஆருக்கு எண்டு இரண்டு பேரும் மண்வெட்டி தூக்கிட்டினம். பாக்கியம்தான் நடுவிலை வந்து நிண்டா. குடிக்கத் தண்ணி இல்லை, வெங்காயம் வாடுது, முதல் கிணத்தை இறையுங்கோ எண்டா. பரலிலை கிடந்த எண்ணெயை வாட்டர் பம்புக்கு ஊத்தி மூண்டு நாள் இறைச்சினம். தண்ணி தெளிய எண்ணெயும் முடிஞ்சுது. நான் வெறும் எண்ணெய்க் கானோடை சைக்கிள் ஏறேக்கை பாக்கியம் சொன்னா: "குறை நினைக்காதையுங்கோ அண்ணை, பரலிலை இருந்த எண்ணெய் கிணத்து எண்ணெயை எடுக்கத்தான் காணுமாய் இருந்துது."

வாழை நடந்த கதை

இனி மிசினைக் குடுக்கத்தான் வேணும் எண்டு முடிவெடுத்திட்டன். இரும்புக்காரனையும் வரச் சொல்லியாச்சு. அண்டைக்குக் காலமை படலையிலை ஒரு புதுமுகம். அக்கம்பக்கம் பாத்து, காதுக்குள்ளை குசுகுசுத்தான். அவனும் ஒரு பரல் தாட்டவனாம். குண்டுக்குப் பயந்து இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாத்தால் இடம் தெரியேல்லையாம். உரும்பிராய்க் கதை கேள்விப்பட்டு வந்தவன். கம்பியோடை போய் பதினாலு ஓட்டை போட்டன், பதினஞ்சாவதிலை "டங்". கூலியாய் அஞ்சு போத்தில் மண்ணெண்ணெய் தந்தான்.

வீட்டை வந்து மிசினுக்கு ஊத்திச் சுத்தினன். எஞ்சின் பிடிச்ச சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்திட்டுது, மறைக்கேல்லை. இரும்புக்காரன் படலையிலை நிண்டு பாத்திட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டான். அடுத்த நாளிலிருந்து ஒருத்தர் மாறி ஒருத்தர், எல்லாரும் அதே குசுகுசுப்பு. இடத்துக்கு அடையாளம் ஒண்டும் வைக்கேல்லையோ எண்டு ஒருத்தனிட்டைக் கேட்டன். "வாழையடியிலைதான் தாட்டனான் அண்ணை. மூண்டு வருஷத்திலை வாழை குட்டி போட்டுப் போட்டு வேலிக்கு நடந்திட்டுது."

ஆகையாலை எங்கடை நாட்டிலை எண்ணெய் இருக்கோ எண்டு இனி ஆரும் கேட்டால் நான் யோசிக்கமாட்டன்: தாராளமாய் இருக்கு, தோண்டினால் வரும், ஆனால் ஏற்கெனவே ஆரோ ஒருத்தன்ரை.