தனக்கொடியின் வாயில் பச்சரிசி

கரிக்கலாம்பாக்கத்தில் ஆறு வீடுகளின் பின்கட்டுக் கதவுகள் தனக்கொடிக்காகத் தாழ்ப்பாள் போடாமல் கிடந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து இறங்குவார். பதினொரு மாடுகளையும் கறந்து, பால் சொசைட்டி வண்டி வருவதற்குள் கேன்களை வாசலில் வைத்துவிட்டுப் போவார். நெட்டப்பாக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருடம். நிலம் கிடையாது. மாடு மதிக்கிற கை ஒன்று இருந்தது. யாரும் சந்தேகப்படாத பேர் ஒன்று இருந்தது. அடுத்தவர் கொல்லைக்குள் விளக்கில்லாத நேரத்தில் நுழைகிற தொழிலுக்கு, கையைவிடப் பேர்தான் முக்கியம்.

அந்தப் பேர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் சுப்பராயலு வீட்டுக் கொல்லையில் வாழை இலைக்கு வந்து நின்றது.

சுப்பராயலுவின் மருமகள் மஞ்சுளா குளிக்கும்போது கழற்றி வைத்த சங்கிலியைக் காணோம். சுப்பராயலுவுக்குப் பன்னிரண்டு காணி நெல்லும் கரும்பும். காவல் நிலையத்துக்குப் போனால் வீட்டு மானம் போகும் என்று மதகடிப்பட்டிலிருந்து பூசாரி தங்கவேலை வரவழைத்திருந்தார். பூசாரி பச்சரிசியில் மஞ்சள் தடவி, மந்திரம் ஓதி, ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார். மென்று இலையில் துப்ப வேண்டும். ஈரமாக வந்தால் உத்தமர். காய்ந்த மாவாக வந்தால் திருடர். மெல்ல வேண்டியவர்கள் மூன்று பேர்: பாத்திரம் துலக்கும் கஸ்தூரி, டிராக்டர் ஓட்டும் புகழ்வேந்தன், பால் கறக்கும் தனக்கொடி. அந்த வீட்டில் உண்டு உறங்குகிற ஏழு பேரில் ஒருவருக்கும் அரிசி இல்லை. கூலி வாங்குகிறவர் வாயில்தான் தெய்வம் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுமாம்! கூடியிருந்த முப்பது பேருக்கும் அது வழக்கமாகத்தான் தெரிந்தது.

தனக்கொடி மூன்று மணிக்கு வழக்கம்போல வந்து, கூட்டம் எதற்கென்று தெரியாமல் செவலை மாட்டின் மடியைக் கழுவிக் கறக்க உட்கார்ந்தார். ஒரு சொட்டு வரவில்லை. மாடு கண்ணை உருட்டியது, காதை விறைத்தது, வாலை ஒடுக்கிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் பூசாரி. "வாயில்லா ஜீவனுக்கே தெரிஞ்சிபோச்சி. கள்ளக் கைக்கு மடி சொரக்கல."

"மாட்டோட வாக்குமூலத்த எழுதி வாங்கிக்கோ பூசாரி," என்றார் புகழ்வேந்தன். சிலர் சிரித்தார்கள். சுப்பராயலு சிரிக்கவில்லை.

முதலில் கஸ்தூரி மென்றார். அம்மன் தன்னைக் கைவிட மாட்டாள் என்று முழுசாக நம்புகிறவர். நம்பியதால் பயமில்லை, பயமில்லாததால் எச்சில் ஊறியது. அரிசி கூழாக வந்தது. புகழ்வேந்தன் பொழுதுக்கும் பாக்கு மெல்லுகிற ஆள். அவர் வாயில் போட்டால் செங்கல்லும் நனையும். மூன்றாவதாகத் தனக்கொடி.

பிடி அரிசி நாக்கில் பட்டதுமே உடம்பு அவரைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது. முழங்கால் ஆடியது. உள்ளங்கை வேர்த்தது. வாய் கோடைக்காலத்து ஏரியாக வறண்டது. 'நான் எடுக்கலியே, இன்னாத்துக்கு நடுங்குறேன்?' என்று அவர் தன்னையே கேட்டார். பதில் வருவதற்குள் நேரம் முடிந்தது. துப்பினார். வெள்ளை மாவு இலையில் புழுதி மாதிரி விழுந்தது. இரண்டு செல்போன்கள் அதைப் படம் பிடித்தன.

"திருடி," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

உடம்பு முந்துகிறதா, உணர்ச்சி முந்துகிறதா என்று படித்தவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுங்குவதால்தான் பயப்படுகிறோம், அழுவதால்தான் துக்கப்படுகிறோம் என்கிறது ஒரு கட்சி. இரண்டும் ஒன்றாகவே மூளையிலிருந்து கிளம்புகின்றன என்கிறது இன்னொன்று. மூன்றாவது கட்சி சொல்வது: நெஞ்சு படபடப்பது வெறும் படபடப்பு, நிற்கிற இடத்தைப் பார்த்து, சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, அதற்கு நாம் பெயர் வைக்கிறோம். தனக்கொடி படித்தது எட்டாம் வகுப்பு. இந்தச் சண்டை எதுவும் அவர் காதுக்கு வந்ததில்லை. ஆனால் தன் படபடப்புக்கு முப்பது பேர் கூடி 'திருட்டு' என்று பெயர் வைத்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, மாட்டைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் ஒடுங்கித்தான் நின்றது. மடி பால் கட்டிக் கனத்திருந்தது. காம்பில் ஒன்றும் இல்லை. அந்த மாடு எதைத் திருடியது? இருபத்தாறு வருடம் அவர் கை அறிந்த சங்கதிதான்: புது ஆள் வந்தால், நாய் குரைத்தால், வெடி வெடித்தால், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். வேண்டுமென்று செய்வதில்லை. அதன் உடம்பு அடைத்துக்கொள்கிறது. மடிக்கு அப்படி என்றால் வாய்க்கு?

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாட்டுக்கும் மனுஷிக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மடை! இத்தனை பெரிய விஷயம் தினமும் தன் விரல் நுனியில் இருந்திருக்கிறது, தெரியாமல் போயிற்றே. நெஞ்சு முன்னைப் போலவேதான் அடித்தது. ஆனால் இப்போது அதற்கு அவரே பெயர் வைத்தார். கோபம்.

"பூசாரி, ஒரு வார்த்த," என்றார். குரல் கரகரத்தது. "நீங்க இதுக்கு முன்ன இந்த வூட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"இந்த ஊருக்கே வந்ததில்ல. இன்னிக்கி ரெண்டு மணிக்குத்தான் வண்டிய எடுத்தேன். ஏன்?"

"அப்ப சங்கிலிய நீங்க எடுக்கல."

"ஏய், இன்னா பேசுற?"

"எடுக்கலன்னுதான சொல்றேன். ஒரு பிடி மென்னு காட்டுங்க."

"ஓதனவன் மெல்லக் கூடாது."

"சமச்சவரு ருசி பாக்கக் கூடாதா பூசாரி?" என்றார் புகழ்வேந்தன். இப்போது கூட்டம் நன்றாகவே சிரித்தது. செல்போன்கள் இரண்டும் பூசாரி பக்கம் திரும்பின. மஞ்சுளாவே தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "மெல்லுங்கய்யா. உங்களுக்கு இன்னா பயம்?"

தங்கவேல் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். முப்பது பேரும் அவர் தாடையையே பார்த்தார்கள். அவர் மென்றார், நெற்றியில் வேர்வை முளைத்தது, மேலும் மென்றார். இலையில் துப்பினார்.

காய்ந்த மாவு.

அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. "எனக்கே ஒண்ணும் புரியலியே," என்றார், குழந்தை மாதிரி.

"நீங்க திருடல பூசாரி," என்றார் தனக்கொடி. "பயந்துட்டீங்க. நானும் பயந்துட்டேன். அந்த மாடும் பயந்துடிச்சி. அவ்ளோதான்."

சிலர் மாட்டைப் பார்த்தார்கள், சிலர் இலையைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

சுப்பராயலு கையை வீசினார். "சரி சரி, எல்லாம் கலைங்க. தனக்கொடி, நீ போயி மாட்டப் பாரு."

"என் பேரச் சொல்லுங்கய்யா."

"இன்னா பேரு?"

"திருடின்னு சொன்னத ஊரு கேட்டுச்சி. எடுக்கலன்றதயும் ஊரு கேக்கட்டும்."

சுப்பராயலு தரையைப் பார்த்துக்கொண்டு, "தனக்கொடி எடுக்கல," என்றார்.

"போனுல பதியல பெரியவரே," என்றார் புகழ்வேந்தன்.

மஞ்சுளா மாமனாரைப் பார்த்தபடி நின்றார். இரண்டாவது தடவை சுப்பராயலு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். சங்கிலி காணாமல் போனதுபற்றி மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதாக மஞ்சுளா சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. பூசாரி மட்டும் தன் வண்டிமேல் உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பாமலே இருந்தார். தனக்கொடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்ததும் பூசாரி மெதுவாகக் கேட்டார்:

"இருவது வருசமா எத்தினி ஊருல இந்த அரிசியக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

தனக்கொடி சைக்கிளை நிறுத்தினார். ஊர் ஊராக எத்தனை வாழை இலைகள், எத்தனை காய்ந்த வாய்கள்.

"எத்தினி பேருக்கு மாவா வந்திச்சி?"

"பதினாலு, பதினஞ்சி இருக்கும். ஏம்பலத்துல ஒரு பொம்பள... அன்னிக்கி ராத்திரியே ஊர விட்டுப் பூட்டா."

"அவங்க பேருலாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒவ்வொரு ஊருக்கா போயி, இங்க துப்பனத சொல்லிட்டு வாங்க."

தங்கவேல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு வலது கை விரல்களை விரித்து, கட்டைவிரலை மடக்கி, ஏம்பலத்துப் பெண்ணின் பேரிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.